நாலு விரல் கதவு

எங்க கதைக்கூட்டத்துல ஒரு சட்டம் உண்டு. கதையை வேற யாராவது வாசிப்பாங்க. கேட்டவங்க எல்லாரும் பேசி முடிச்சு மாடிப்படி இறங்குற வரைக்கும் எழுதுனவ வாயைத் திறக்கக் கூடாது. சட்டம் போட்டது எனக்கு எழுதக் கத்துக்குடுக்கிற குரு, பெனிட்டா அக்கா. என் வாய் தெரிஞ்சுதான் போட்டிருக்காங்கன்னு நெனைக்கேன்.

அன்னைக்கு என் கதை. ஒரு ஊரு. அங்க வளத்த பிராணி செத்துட்டா, அதோட நிழல் மட்டும் ஒரே ஒரு சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வரும். என்னைக்கு வரும்னு தெரியாது. கதவு மூடியிருந்தா போயிரும், பெறகு வராது. அதனால ஒரு பிள்ளை, அவ நாய் செத்த நாள்லருந்து கதவை நாலு விரல் திறந்தே வச்சிருக்கா. அவ்வளவுதான் கதை.

வாசிச்சு முடிச்சதும் எஸ்தர் அக்கா மூக்கைச் சிந்துனாங்க. "எங்க கிளி இருந்துச்சுல்லா..."ன்னு ஆரம்பிச்சு, அது மொளகாப்பழம் தின்ன அழகு வரைக்கும் போனாங்க. மாசாணம் அண்ணன் அவரு முயலைப் பத்திப் பேசுனாரு.

கடைசியா நயினார் சார். முட்டுவலின்னு அவருக்கு மட்டும் நாற்காலி. அவரு எதையும் பாராட்டி யாரும் பாத்ததில்ல.

"நாய்க்கு நிழலு, நிழலுக்குக் கதவு. பச்சப்பிள்ளைக்குச் சோறூட்டச் சொல்லலாம். நம்ம கூட்டத்துத் தொகுப்புல போட இது ஒரு கதையா?"

எல்லாரும் கலைஞ்சாங்க. எப்பவும் போல அவருதான் கடைசியா இறங்குனாரு. நான் வாயைத் திறந்தேன்.

"அக்கா, நாளைக்குத் தொகுப்பு அச்சுக்குப் போகுதுல்ல? என் கதையைத் தூக்கிருங்க."

"ஏம்ட்டி?"

"நான் ஒரு கதை சொன்னா, இவங்க கிளிக்கும் முயலுக்கும் எழவு வீடு நடத்துதாங்க. அந்த மனுசன் ஒருத்தர்தான் கதையைப் பத்திப் பேசுனாரு. அவரும் காறித் துப்பிட்டுப் போறாரு."

"முடிஞ்சுதா?"

"முடியல. முயல் பேரை மூணு தடவை சொல்லத் தெரியுது. என் நாய் பேரை ஒருத்தர் சொல்லலையே!"

"கதைல நாய்க்குப் பேரு உண்டா?"

யோசிச்சேன். நான் வைக்கவே இல்ல.

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. கதையைத் தூக்கிருதேன். நீ கீழ போயி வாசக்கதவைச் சாத்திட்டு வா. ஆடு வந்துரும்."

ஆடு நெசந்தான். போன மாசம் மேல ஏறி வந்து மாசாணம் அண்ணன் கவிதையைத் தின்னுட்டுப் போச்சு. ரசனை உள்ள ஆடு. அன்னைலருந்து நயினார் சார் போகும்போது கதவை அறைஞ்சு சாத்துவாரு. மேல ஜன்னல் கண்ணாடி அதிரும்.

"நயினார் சாரு சாத்தாம போவாரா?"

"நீ கத்துன கத்துல கவனிக்கல. இன்னைக்குச் சத்தம் வரல."

முணுமுணுத்துக்கிட்டே இறங்குனேன்.

கதவு கொஞ்சமாத் திறந்திருந்துச்சு. கடல்காத்து அந்த அடி அடிச்சும் கதவு அசையல. குனிஞ்சு பாத்தேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவுல ஒரு செங்கல். தெருவோரம் கெடந்ததை எடுத்துட்டு வந்து, அந்த முட்டுவலியோட குனிஞ்சு செருகியிருக்காரு.

விரலை வச்சுப் பாத்தேன். நாலு.

இறங்கும்போது தொங்கிக் கெடந்த என் கழுத்து, ஏறும்போது நேரா நின்னுச்சு.

"சாத்திட்டியா?"

"இல்ல."

"ஆடு வருமே?"

"வரட்டும். அடுத்த கவிதையையும் தின்னட்டும். அக்கா, என் கதை தொகுப்புல இருக்கும். ஒரு புள்ளி மாத்தக் கூடாது."

அக்கா டீ டம்ளரையெல்லாம் பொறுக்கி அடுக்குனாங்க.

"அடுத்த கூட்டத்துல அவருகிட்ட, என்ன வளத்தீங்கன்னு கேக்கட்டாக்கா?"

"கேளு. அன்னைக்கே கதவைச் சாத்திருவாரு."