பாதபீடத்தின் கீழே

இலுப்பைநாட்டு அரசர் பூவணராயருக்குக் காலில் நோய். விரலிடுக்குகள் வெளுத்து, தோல் உரிந்து, ஓயாமல் அரித்தன. வழக்குக் கேட்கும்போது ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக்கொண்டே இருப்பார். அரிப்பு ஏறிவிட்டால் வாயில் வந்ததுதான் தீர்ப்பு. அப்படி ஒரு நாள் மாட்டைத் திருடியவனுக்குப் பதிலாக, பறிகொடுத்தவனுக்கு ஆறு கசையடி கிடைத்தது.

அவையில் எல்லோருக்கும் ஒரு மருந்து தெரிந்திருந்தது. படைத்தலைவர் வேப்பெண்ணெய் என்றார். சமையற்காரர் மஞ்சள் அரைத்து அனுப்பினார். இரண்டையும் குழைத்துப் பூசிக்கொண்டு அரசர் காலையில் அவைக்கு வருவார். உடனே பாதபூஜை தொடங்கிவிடும். அது பாட்டனார் காலத்து வழக்கம். அரசரைக் காண வருகிறவர் எவரானாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீரை அவர் பாதத்தில் வார்க்க வேண்டும். அது பாதபீடத்தின் மரச்சட்டங்களுக்கு இடையே இறங்கி, கீழே இருக்கும் பித்தளைத் தாம்பாளத்தில் சேரும்; மிஞ்சியது வழிந்து தரை வாட்டத்தில் வெளியே ஓடிவிடும். தாம்பாளத்தில் இருப்பதில் கொஞ்சம் எடுத்துத் தலையில் தெளித்துக்கொள்வார்கள். ஒரு நாளைக்கு நாற்பது பேராவது வருவார்கள். மருந்து முதல் ஐந்து பேரோடு போய்விடும். அந்த மாதம் வந்துபோனவர்களுக்குப் பேன் தொல்லை நீங்கியதாகக் கேள்வி.

கடைசியில், அவை கலைந்த ஒரு மாலையில் பிச்சாண்டி வைத்தியரை அழைத்தார்கள். அவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தார்.

"சேற்றுப்புண், மகாராஜா."

"என்ன புண்?"

"சேற்றுப்புண். வயலில் நடவு நடுகிறவர்களுக்கு வரும்."

"நான் எந்த வயலில் இறங்கினேன்?"

வைத்தியர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள், "மகாராஜாவையே நடவாள் என்கிறானே!" என்று கூவினார் சிங்காரம். அவர் அரண்மனைச் சடங்குகளுக்கு மணியக்காரர். பாதபூஜைக்குச் செம்பு எடுத்துக் கொடுக்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு.

"ஏழு நாள் தருகிறேன். நான் மிதித்த சேற்றைக் காட்டு. இல்லாவிட்டால் நாக்கை அறுத்துவிடுவேன். அதுவரை சிறையில் கிட" என்றார் அரசர்.

"சிறையில் இருப்பவர் சேற்றை எங்கே தேடுவார்?"

கேட்டது வெண்காடர். மனு ஓலைகளை அவையில் வாசிப்பவர். கேட்ட பிறகுதான் கேட்டது தாம் என்பது அவருக்கே தெரிந்தது.

"அப்படியானால் நீர் தேடும். தவறினால் இரண்டு நாக்கு."

வெண்காடருக்குப் பிழைப்பே நாக்குதான். நேரே சிறைக்குப் போனார்.

"ஏன் ஐயா, சேற்றில் இறங்காமல் சேற்றுப்புண் வருமா?"

"தாராளமாக வரும். சேறே வேண்டாம். விரலிடுக்கில் ஈரம் காயாமல் இருந்தால் போதும்."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல விட்டால்தானே!"

வெண்காடர் சற்று யோசித்தார். வைத்தியர் பாதபூஜையைப் பார்த்ததில்லை. இவரோ பதினெட்டு ஆண்டுகளாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"சரி, பாதபூஜைத் தண்ணீர்தான் காரணம் என்று நானே போய்ச் சொல்லிவிடவா?"

"பாட்டனார் வழக்கத்தில் கைவைத்தால் நாக்கோடு நிறுத்தமாட்டார்."

"அதுவும் சரிதான். அவர் கேட்டது சேறு. சேற்றையே கொடுத்துவிடுகிறேன்."

அரசரிடம் போய் ஒரே ஒரு வரம் கேட்டார். ஏழு நாளும் பாதபீடத்தின் கீழே யாரும் கைவைக்கக் கூடாது. பீடத்தைச் சுற்றித் தொங்கும் பட்டுத்துணியையும் விலக்கக் கூடாது. தலையில் தெளிப்பதற்குச் செம்பிலேயே கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளட்டும். அரசருக்கு அரிப்பு ஏறியிருந்தது. "எப்படியோ போம்" என்றார்.

ஆறாம் நாள் வெண்காடர் ஒரு வாய்க்கால் தகராறை வாசித்துக்கொண்டிருந்தபோது சிம்மாசனத்தின் பக்கம் ஒரு தவளை கத்தியது. அமைச்சர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

"என்ன சத்தம்?" என்றார் அரசர்.

"யாரோ தொண்டையைச் செருமினார்கள், மகாராஜா."

மறுபடியும் கத்தியது.

"அதே தொண்டைதான்" என்று சொல்லிவிட்டு வெண்காடர் வாசிப்பைத் தொடர்ந்தார்.

ஏழாம் நாள் அவை நிறைந்திருந்தது. வைத்தியரையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"சேறு எங்கே?"

"மகாராஜா எழுந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும்."

பட்டுத்துணியை விலக்கி, பீடத்தை நகர்த்தினார்கள். தாம்பாளம் நிறையக் கருஞ்சேறு. அதில் நான்கு விரல் உயரத்துக்கு நெல் நாற்று, கிழக்கு ஜன்னல் பக்கமாகச் சாய்ந்து நின்றது. நடுவில் இருந்த தவளை அவையை ஒருமுறை பார்த்துவிட்டு மணியக்காரரை நோக்கித் தாவியது.

"மோசடி! மண்ணை இவரே கொண்டுவந்து கொட்டியிருக்கிறார், மகாராஜா!" என்றார் சிங்காரம், ஒரு காலைத் தூக்கியபடி.

"கொட்டினேன். நான் கொட்டியது காய்ந்த புழுதி, மணியக்காரரே. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நான் விடவில்லை. ஏழு நாளும் பாய்ச்சியவர் நீங்கள்."

"விதை?" என்றார் அரசர்.

"முளைகட்டிக் கொடுத்தது என் மனைவி. இது சேறுதானா என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் நெல்லைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று தூவினேன்."

"தவளை?"

"அது தானாக வந்தது, மகாராஜா. ஈரம் எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரியும்."

அரசர் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு தம் கால்விரல்களைப் பார்த்தார். யாரும் தொண்டையைச் செருமவில்லை.

"வைத்தியரே, என்ன மருந்து?"

"மருதாணி இலையையும் மஞ்சளையும் அரைத்து விரலிடுக்கில் வைக்க வேண்டும். அதைவிட முக்கியம், கால் காய வேண்டும்."

"அப்படியானால் பாதபூஜை?" என்றார் சிங்காரம்.

"வருகிறவர்கள் தங்கள் காலைக் கழுவிக்கொண்டு வரட்டும். என் காலை நீர் உலர்ந்த துணியால் துடையும். அந்த உரிமையும் உம் குடும்பத்துக்கே."

பதினைந்து நாளில் புண் ஆறியது. அரசர் முதல் வேலையாக மாட்டைப் பறிகொடுத்தவனைக் கூப்பிட்டு வழக்கை மறுபடியும் கேட்டார். பிறகு முற்றத்துக்கு வந்தார். தாம்பாளம் அங்கே வெயிலில் இருந்தது. நாற்று ஒரு சாண் உயரம் வளர்ந்திருந்தது.

"நடவுக்கு வந்துவிட்டதே, வெண்காடரே. யாரை நடச் சொல்லலாம்?"

வெண்காடர் அமைச்சர்களின் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இவர்கள் எல்லோரும் புதியவர்கள், மகாராஜா. சேற்றில் நின்று பழகியவர் தாங்கள் ஒருவர்தான்."

அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, தோளில் இருந்த சால்வையை எடுத்து வெண்காடருக்குப் போர்த்தினார்.

வெண்காடர் அதன் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ந்துதான் இருந்தது.