செதில் முளைத்த கை

கதை கேட்டுவிட்டுத் தலையாட்டிப் போகிறவர்களுக்கு இது இல்லை. முடிவில் தீர்ப்புக் கேட்பேன். சொல்லத் துணிவு உள்ளவர்கள் மட்டும் உட்காருங்கள்.

நெடுங்கரை என்றொரு சிற்றரசு இருந்தது. அந்த மண்ணுக்கு ஒரு விசித்திரம் உண்டு. தப்புச் செய்தவர் உடம்பில் பாம்புச் செதில் முளைக்கும். சின்னப் பொய் என்றால் விரல் நுனியில் ஒன்றிரண்டு, பெரும்பாவம் என்றால் முழங்கை வரை. ஆகவே அங்கே சாட்சியும் இல்லை, வழக்கும் இல்லை. அண்டாவில் மஞ்சள் கரைத்து, கையை முக்கச் சொல்வார்கள். தோலில் மஞ்சள் ஏறும், செதிலில் ஏறாது. செதில் தெரிந்தவருக்குக் கறுப்புத் துணி சுற்றி, ஆற்றுக்கு அக்கரையில் காட்டிலே விட்டுவிடுவார்கள். “உடம்பு பொய் சொல்லாது” என்பது அவர்கள் பேச்சு.

சடையன் என்ற திருடன் ஒருவனை அப்படித்தான் விட்டார்கள். காட்டில் காய்ச்சல் கண்டு, புத்தி பேதலித்து, தான் திருடியதையெல்லாம் அவன் மறந்துபோனான். செதில் உதிர்ந்துவிட்டது, ஊருக்குத் திரும்பி வந்தான். தெய்வமே மன்னித்துவிட்டது என்று ஊர் கூடி அவனுக்கு மாலை போட்டது. மாலை போடுகிற அவசரத்தில் யார் யோசிக்கிறார்கள்?

அந்த ஊர் ஏரியின் மதகு சிலம்பாயி என்ற பெண்ணின் பொறுப்பில் இருந்தது. ஓர் ஆண்டு மழை பொய்த்தது. இருக்கிற தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சினால் கடைமடையான ஈச்சங்குடி வரை பயிர் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அரசர் வீரமாறரின் மகளுக்குக் கல்யாணம். மணமக்களை ஏரியில் தெப்பத்தில் வைத்துச் சுற்றிவர வேண்டும் என்பது அரசரின் ஆசை. அரசரின் அமைச்சரான பிரதானி ஆதிச்சன் மதகடிக்கு வந்தார்.

“மதகை அடைச்சிடு சிலம்பாயி. அரண்மனையிலிருந்து சொல்லி அனுப்புற வரைக்கும் திறக்கக் கூடாது.”

“ஈச்சங்குடிக்கு வேற தண்ணி கிடையாதுங்களே.”

“அது எனக்குத் தெரியாதா? அரசர் உத்தரவு. நான் சேதி கொண்டு வந்தவன், அவ்வளவுதான்.”

அவள் அடைத்தாள். வேலை போய்விடும் என்ற பயம். பயத்துக்கு வேறு நல்ல பெயர் வைத்துப் பயனில்லை.

தெப்பம் சுற்றியது, வாணவேடிக்கை நடந்தது. ஈச்சங்குடியில் பால் பிடித்த பயிர் கருகியது. கிணறு வற்றி, சேற்றுத் தண்ணீரைக் குடித்த இரண்டு பிள்ளைகள் பேதியில் போய்ச் சேர்ந்தார்கள். சேதி வந்த அன்றே சிலம்பாயியின் இரு கைகளிலும் முழங்கை வரை செதில் முளைத்தது.

பக்கத்து வீட்டு மருதாயி படிகாரக் கட்டியோடு ஓடி வந்தாள். “தினம் காலையில இதை வெச்சுத் தேய்ச்சுவிடுக்கா. ஊருல முக்காவாசிப் பேரு அப்படித்தான் நடமாடுறாங்க.”

சிலம்பாயி அதை வாங்கித் தூர எறிந்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. கையை மூடாமல் கடைத்தெரு வழியாகவே நடந்து அரச சபைக்குப் போனாள்.

சபையில் கறுப்புத் துணியை எடுத்து அவள் தோளில் போட்டார்கள். “சுத்திக்கிறேன். ஈச்சங்குடிப் பிள்ளைங்க செத்ததுல எனக்கும் பங்கு இருக்கு,” என்றாள். “ஆனா அந்த மதகை அடைச்ச விவகாரத்துல சேர்ந்த கையெல்லாம் முதல்ல அண்டாவுல முங்கட்டும்.”

சபை சலசலத்தது. அரசர் பெரிய மனது பண்ணிச் சரி என்றார்.

பிரதானி கையை முக்கினார். செதில் ஒன்றும் இல்லை. ஆனால் மஞ்சள் நீர் பட்டதும் “ஸ்ஸ்” என்று கையை இழுத்துக்கொண்டார். தோல் முழுக்க உரசிச் சிவந்து கிடந்தது. பூசைக்கு முன் நன்றாகத் தேய்த்துக் குளிப்பது தம் வழக்கம் என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

பிறகு அரசர் முக்கினார். வெண்ணெய் போன்ற கை, ஒரே சீராக மஞ்சள் ஏறியது. “பார்த்தாயா அம்மா, உடம்பு பொய் சொல்லாது,” என்றார். பிறகு பிரதானியிடம் திரும்பி, “ஈச்சங்குடி என்கிறாளே, அது எந்தப் பக்கம் இருக்கிறது?” என்று கேட்டார். நடிப்பில்லை, உண்மையாகவே கேட்டார்.

சிலம்பாயி துணியை உதறிப் போட்டுவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தாள். கல்யாண விருந்தாளிகளுக்குத் தெப்பம் பிடித்துப்போனதால் மதகு இன்னும் அடைத்தே கிடந்தது. மறித்த காவலர்களுக்கு எதிரே கையை நீட்டினாள்; செதிலைத் தொட அஞ்சி அவர்கள் விலகினார்கள். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க மதகைத் தூக்கினாள். தண்ணீர் கடைமடைக்குப் பாய்ந்தது.

“அடைச்சதும் இந்தக் கைதான், திறந்ததும் இந்தக் கைதான்,” என்றாள். “என்னை அக்கரையில விடணும்னா, இதைத் தொட்டு இழுத்துட்டுப் போங்க.”

ஒரு குற்றத்துக்கு ஒருவரைத்தான் ஆறு கடத்த வேண்டும் என்பது நெடுங்கரைச் சட்டம். இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஆணையிட்ட அரசர், சேதி கொண்டுவந்த பிரதானி, மதகை அடைத்த சிலம்பாயி. இந்த மூவரில் உள்ளே அழுகிப்போனவர் யார்? அக்கரைக்குப் போக வேண்டியவர் யார்?

விடை: அரசர். சடையன் திருந்தியதால் அவன் செதில் உதிரவில்லை, மறந்ததால் உதிர்ந்தது. தப்பு செதிலை முளைக்க வைப்பதில்லை, தப்பு என்ற உணர்வுதான் முளைக்க வைக்கிறது. சிலம்பாயிக்கு அது உறுத்தியது, மறைக்கவில்லை. பிரதானிக்கும் உறுத்தியது, தினம் சுரண்டினார். கோழை, ஆனாலும் உள்ளே உயிர் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைச் சாகவிட்டு, ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டவரின் உடம்பில் முளைக்க ஒன்றும் மிச்சமில்லை. அவரை ஆறு கடத்தினார்களா என்று கேட்காதீர்கள். அரசர்களை அவ்வளவு சுலபமாக யார் கடத்துகிறார்கள்? ஆனால் மதகு இன்றும் சிலம்பாயியிடம்தான் இருக்கிறது. செதிலும் உதிரவில்லை, அவள் கையை மூடவும் இல்லை. பார்க்கக் கூசுகிறவர்கள், அந்தக் கை திறந்துவிடுகிற தண்ணீர் எங்கள் வயலுக்கு வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.