கரித்துணி

தமிழய்யா பூங்குன்றனை ‘சார்’ என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டீக்கடையில்கூடக் காப்பியைக் குளம்பி என்று கேட்டு வாங்கிக் குடிக்கிற ஆள். அப்பேர்ப்பட்ட மனுஷன், மகள் எழினி மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, யார் விசாரித்தாலும் ஒரே பதில்தான் சொன்னார். “கொஞ்சம் டஃப் டைம்.”

எழினி பிழைத்துவிட்டாள். போன உசுரு திரும்பிய நன்றியோடு அவளைக் குருவின் ஆசிரமத்துக்குக் கூட்டி வந்தார். குரு வேதவல்லி அம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, சீடருக்கோ தலை நரைத்தாயிற்று. ஞானத்துக்கு வயசு பார்த்தால் முடியுமா?

எழினி வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அம்மாள் அடுக்களையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“ஓர் ஐயம், அம்மா.”

“கேளுங்க ஐயா.”

“வர்ற வழியில பொண்ணு கேட்டா, நான் படுத்திருந்தப்ப உங்களுக்கு எப்படிப்பா இருந்துச்சுன்னு. டஃப் டைம்னுட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டா, அப்புறம் பேசவே இல்ல.”

“ம்.”

“ஊருக்கெல்லாம் தமிழ் சொல்லிக் குடுத்தவன் நான். என் துயரத்துக்கு இரவல் சொல் வாங்கியிருக்கேன். வெட்கமா இருக்கு.”

அம்மாள் அடுப்பைக் காட்டினார். “கஞ்சி பொங்குது, இறக்குங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்து, கொடியில் கிடந்த கரித்துணியை எடுத்துப் பானையை இறக்கினார்.

“அழுக்குத் துணியாச்சே. வெறுங்கையால இறக்கினா என்ன?”

“கை வெந்துடுமே அம்மா.”

“கஞ்சியும் கொட்டியிருக்கும்.”

தமிழய்யா துணியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ‘என் பொண்ணு செத்துடுவாளோன்னு பயமா இருக்கு’ என்று ஒருதரம் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், அங்கேயே உடைந்து விழுந்திருப்பார். அப்புறம் மருந்துக்கு யார் ஓடுவது, பெண்டாட்டியை யார் தேற்றுவது? அந்த ரெண்டு சொல்தான் அவரை நிற்க வைத்தது. வாழ்நாளில் முதல்தடவையாக, இங்கிலீஷ் சொற்களை நினைத்து அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

துணியை உதறி, வேட்டியை மடிக்கிற மாதிரி மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

அம்மாள் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி, உப்புப் போட்டு, நிதானமாக ஆற்றினார். பிறகு எழினியைக் கூப்பிட்டார். அவள் வந்து அப்பாவைப் பார்க்காமல் வாசலோரம் நின்றாள்.

“பிள்ளைக்குக் குடுங்க ஐயா.”

கிண்ணத்தை எடுக்கப் போனவரின் கை, பழக்கதோஷத்தில் மறுபடி துணிக்குப் போயிற்று.

“ஆறிடுச்சு ஐயா,” என்றார் அம்மாள். “இனி வெறுங்கையாலயே குடுக்கலாம்.”