காகம் சொன்ன பத்து நாள்

அல்லிக்குளத்தில் ஊசிவால் வாத்துகள் ஊருக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தன. வடக்கே வெகுதொலைவில் இருக்கும் பனி ஏரிதான் அவற்றின் ஊர். அங்கே போய்த்தான் கூடு கட்டும், முட்டையிடும்.

"நாற்பது நாள் பயணம். நாளைக் காலையில கிளம்பணும்!" என்றது தலைவி குமுதி.

உண்மையில் அதன் தங்கை தாழைதான் அதிகம் அவசரப்பட்டிருக்க வேண்டும். போன வருடம் பனி ஏரிக்கரை மேட்டில் இடம் கிடைக்காமல் அது பள்ளத்தில் கூடு கட்டியது. வெள்ளம் வந்து ஆறு முட்டைகளையும் கொண்டுபோய்விட்டது. மேட்டில் இருப்பதே கொஞ்சம் இடம். முதலில் வருகிறவர்களுக்குத்தான் அது.

ஆனால் தாழையின் மனசெல்லாம் அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடந்த நெல்லில் இருந்தது.

"நாற்பது நாளா? யாரை ஏமாத்துற?" என்று மரத்திலிருந்து ஒரு காகம் குறுக்கே புகுந்தது. அரிசி ஆலையைத் தாண்டி ஒருநாளும் போகாத காகம் அது. ஆனாலும் எந்த ஊருக்கும் வழி சொல்லும்.

"தாழை, ஆலை வரைக்கும் ஒரு தடவை பறந்து காட்டு!"

தாழை பறந்து காட்டியது. காகம் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தது.

"இந்த வேகத்துல போனா பத்தே நாள்! இன்னும் ஒரு மாசம் இருந்து நல்லா சாப்பிடு."

குமுதிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "பறக்கிறது பத்து நாள்தான், யார் இல்லேன்னாங்க? வழியில இரை தேட வேண்டாமா? இறக்கை ஓய வேண்டாமா? எதிர்க்காத்து அடிச்சா காத்திருக்க வேண்டாமா?"

"பாத்தியா! பத்து நாள்னு உங்க அக்காவே ஒத்துக்கிட்டா!" என்று காகம் குதித்தது.

குமுதி தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். பொறுமையாகச் சொல்லிப் பார்த்தது. கத்திச் சொல்லிப் பார்த்தது. மூன்றாவது முறை சொல்லும்போது தாழை வயலுக்கே போய்விட்டது.

மறுநாள் கூட்டம் கிளம்பியது. தாழை ஒரு மாதம் நெல் தின்றுவிட்டுத் தனியாகப் புறப்பட்டது.

முதல் இரண்டு நாள் விரைந்து பறந்தது. மூன்றாம் நாள் இறக்கை வலித்தது. ஒரு சதுப்பில் இறங்கி நாலு நாள் படுத்துக் கிடந்தது. ஆற்றங்கரையில் காற்று திரும்பும்வரை ஒரு வாரம் உட்கார்ந்திருந்தது. மலையைத் தாண்டத் தெம்பு வேண்டாமா? அடிவாரத்தில் நாள்கணக்கில் மேய்ந்தது.

ஒருவழியாகப் பனி ஏரிக்கு வந்து சேர்ந்தபோது மேடு முழுக்கக் கூடுகள். குமுதியின் குஞ்சுகள் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தன.

"ஏன்டி இவ்வளவு தாமதம்?" என்று குமுதி சீறியது.

"காகம் சொன்னது சரிதான் அக்கா. நான் பறந்தது பத்தே நாள். மீதி நாளெல்லாம் எங்கே போச்சுன்னுதான் தெரியல!"

குமுதி திட்டுவதற்கு வாயைத் திறந்தது. அதற்குள் தாழை புல்லைக் கவ்விக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தது. அது போன இடம், போன வருடம் வெள்ளம் வந்த அதே பள்ளம்.

வழியில் நிற்கும் நாட்களைக் கணக்கில் சேர்க்காதவர் ஊர் போய்ச் சேர்வார், உரிய நாளில் சேர மாட்டார்.