தொண்ணூறு காசுப் பலாப்பழம்

முன்னொரு காலத்தில் நெடுமேட்டு நாட்டைக் குலவேந்தன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான், ஆனால் நினைத்ததை அந்த நிமிஷமே செய்தாக வேண்டும். ஒரு பிறந்தநாளன்று, "என் நாட்டில் ஏழையே இருக்கக் கூடாது" என்று சொல்லி, வீட்டுக்கு ஒரு பானைக் காசு கொடுத்தார். நாணயச்சாலைத் தலைவர் வல்லபராயர் ஓயாமல் காசு அடித்துத் தள்ளினார்.

மூன்றே மாதத்தில் ஒரு காசு உப்பு பத்துக் காசானது. "எல்லாம் வியாபாரிகளின் பேராசை, பிரபு" என்றார் வல்லபராயர். பழைய விலைக்கு மேல் விற்றாலும் வாங்கினாலும் இருபது கசையடி என்று சட்டம் எழுதியதும் அவரே. முதலில் சிக்கியவள் உப்புக்காரி பேச்சாயி. அவள் கழுதையையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

"அரிசிக்காரர் பத்து மடங்கு கேக்குறார் சாமி. நான் மட்டும் பழைய விலைக்கு வித்தா என் புள்ளைங்க எதைத் தின்னும்?" என்றாள், சபையில் ராஜாவின் முன் நிறுத்தப்பட்டபோது.

மந்திரி பொன்னம்பலனார் எழுந்தார். "அடியை அப்புறம் பார்க்கலாம் அரசே. இன்று பலாப்பழ ஏலம் இருக்கிறது."

அரண்மனைத் தோப்பின் முதல் பலாப்பழத்தைச் சபையில் ஏலம் விடுவார்கள். எடுத்தவருக்கு அந்த வருஷம் முழுக்க முன்வரிசை ஆசனம். போன வருஷம் ஒன்பது காசுக்கு எடுத்தவர் வல்லபராயர். இந்த வருஷம் ஏலம் இருபதில் தொடங்கி ஐம்பதைத் தாண்டியது. முன்வரிசையை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வருமா? தொண்ணூறுக்கு எடுத்தார்.

"பழம் போன வருஷத்தைவிடப் பெரிதோ ராயரே?" என்று கேட்டார் மந்திரி.

"இல்லை, கொஞ்சம் சின்னதுதான்."

"பிறகு ஏன் தொண்ணூறு?"

"எல்லார் மடியிலும் காசு கனக்கிறது. ஒன்பதுக்குக் கேட்டால் எனக்கு யார் விட்டுக்கொடுப்பார்?"

"பேச்சாயி கதையும் இதுதான் அரசே. காசு பெருகியது, உப்பு பெருகவில்லை. பழைய விலைக்கு மேல் வாங்கியவருக்கும் இருபது அடி என்பது சட்டம். யாரிடமிருந்து தொடங்கலாம்?"

வல்லபராயருக்கு வியர்த்துவிட்டது. ராஜா முதலில் சிரித்தார், பிறகு வெட்கப்பட்டார். "அப்படியானால் எல்லாக் காசையும் நாளைக்கே உருக்கிவிடுங்கள்."

"வேண்டாம் அரசே. திடீரென்று காசு அரிதானால் ஊரே கடனுக்கு அலையும். நூற்றுக்கு இரண்டு வட்டி வாங்குகிறவன் பத்து கேட்பான். வரியாக வருவதில் கொஞ்சம் கொஞ்சமாக உருக்குவோம்."

சட்டம் கிழிக்கப்பட்டது. வல்லபராயர் கடைசி வரிசைக்குப் போனார், மந்திரி முன்வரிசைக்கு வந்தார்.

"உன்னை வருத்திவிட்டோம். ஒரு பானைக் காசு தரட்டுமா?" என்று பேச்சாயியிடம் கேட்டார் ராஜா.

"காசு வேண்டாம் சாமி" என்றாள் அவள். "கழுதையைக் குடுங்க, போதும்."