மன்னர் மூக்கு விழாத காசு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்கு மூக்கு காணாமல் போயிற்று. முகத்தில் இருந்த மூக்கு பத்திரமாகத்தான் இருந்தது. வாசலில் அவருக்கு முன்னால் நுழைகிற மூக்கு அது. காணாமல் போனது வெள்ளிக் காசில் இருக்க வேண்டிய மூக்கு. புதுக் காசு எதை எடுத்தாலும் கிரீடம் மங்கல், காது மங்கல், மூக்கு இருக்கும் இடத்தில் வெறும் வழுவழுப்பு. சந்தையில் ஜனங்கள் 'மூக்கறைக் காசு' என்று பேரே வைத்துவிட்டார்கள். அந்தப் பேர் மன்னர் வச்சிரபாகுவின் காதுக்கு எட்டியது.

காசு அடிக்கும் சம்மட்டிக்காரன் மாகாளி ஆசாரியைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"நாளை உச்சிப்பொழுதுக்குள் எம் மூக்கு காசில் வர வேண்டும். வராவிட்டால் உன் மூக்கு போகும்" என்றார் மன்னர்.

மாகாளி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். காரணம் அவனுக்குத் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. பட்டறைக் கல்லில் ஓர் அச்சு, அதன்மேல் வெள்ளி வில்லை, அதற்கும் மேலே இன்னோர் அச்சு. அந்த மேலச்சின் தலையில்தான் சம்மட்டி அடி விழும். மேலச்சில் இருப்பது மன்னர் முகம். போன வருஷம் மந்திரி அகோரசிவர், மன்னரைக் குளிர்விக்க ஒரு கட்டளை போட்டார்: மன்னர் முகத்தை ஓங்கி அடிப்பது ராஜத் துரோகம். அன்று முதல் மாகாளி ஒவ்வொரு காசுக்கும் அச்சைக் கும்பிட்டு, "மன்னிக்கணும் சாமி" என்று சொல்லி, குழந்தையைத் தூங்கவைப்பது போலத் தட்டிக்கொண்டிருந்தான். அப்படித் தட்டினால் வெள்ளி எப்படி அச்சின் பள்ளத்தில் ஏறும்?

சபையில் இருந்த விகடன் தாண்டவராயன் எழுந்தான். "மகாராஜா, இவன் மூக்கை அறுத்தால் மூக்கறைக் காசோடு மூக்கறை ஆசாரியும் சேருவான். காசில் மூக்கு முளைக்காது."

மன்னர் சிரிக்கப் பார்த்தார். அது மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "அப்படியானால் மூக்கை இந்த விகடரே கொண்டு வரட்டும், பிரபோ. ஆனால் தங்கள் திருமுகத்தின் மேல் ஓங்கிய அடி விழக் கூடாது. தவறினால் இருவர் மூக்கும் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

தாண்டவராயனோடு வெளியே வந்ததும் மாகாளி அழுதேவிட்டான். "ஓங்கி அடிச்சா துரோகம், அடிக்காட்டி மூக்கு வராது. தை மாசம் எம் மகளுக்குக் கல்யாணங்கய்யா. மூக்கில்லாம மணவறையில எப்படி நிப்பேன்?"

"மந்திரி மேல உனக்குக் கோபம் உண்டா?"

மாகாளி சுற்றுமுற்றும் பார்த்தான். "கொஞ்சநஞ்சமா?"

"அது போதும்" என்றான் தாண்டவராயன். நேராக மந்திரியிடம் போனான். "காசின் மறுபக்கத்தில் வெறும் தாமரைதானே இருக்கிறது. தங்கள் முகம் இருந்தால் ஊரே மடியில் கட்டிக்கொள்ளும்." மந்திரி ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பொழுது சாயும்வரை அச்சு வெட்டுகிறவன் முன்னால் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் உச்சிப்பொழுது. அரண்மனை முற்றத்தில் பட்டறைக் கல். தாண்டவராயன் மன்னர் அச்சைக் கீழே பதித்து, மந்திரி அச்சை மேலே வைத்தான்.

"மன்னரைக் கீழே வைப்பதா?" என்றார் மந்திரி.

"மன்னர் ஆசனத்தில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். அடிபட்டு வேலை செய்பவர் மந்திரி. அரசாட்சி அப்படித்தானே நடக்கிறது? மகாராஜா, மந்திரி முகத்தை ஓங்கி அடிக்கக் கூடாது என்று கட்டளை ஏதும் உண்டா?"

"இல்லை" என்றார் மன்னர்.

மாகாளி கும்பிடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஒரு வருஷத்துக் கோபத்தைச் சம்மட்டியில் ஏற்றி ஒரே போடு போட்டான். மாடத்துப் புறாக்கள் சிதறிப் பறந்தன. மந்திரி தம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

மன்னர் காசை எடுத்துப் பார்த்தார். மூக்கு முழுசாக விழுந்திருந்தது, நுனியில் இருந்த மருவோடு. திருப்பினார். மந்திரியின் மீசை இருந்தது, காது இருந்தது, நடுவில் வழுவழுப்பு.

"இவர் மூக்கு எங்கே?"

"இரண்டு மூக்குக்கும் சேர்த்து ஒரு வில்லை வெள்ளிதான், மகாராஜா. அவர் மூக்கு தங்கள் மூக்குக்கு நேர் பின்னால் இருக்கிறது. தங்களுடையதை நிரப்பியபின் மிச்சம் எங்கே?"

மன்னர் கிரீடம் நழுவுமட்டும் சிரித்தார். தாண்டவராயன் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டார். மாகாளியின் மகள் கல்யாணம் அரண்மனைச் செலவு என்றார்.

"அடியேன் முகத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள், பிரபோ" என்று மந்திரி கெஞ்சினார்.

"எடுப்பதாவது? நீர் மேலே ஏறிய பிறகுதானே காசு திருத்தமாக விழுகிறது!"

அதற்குப் பிறகு அந்த நாட்டில் மன்னர் முகம் மங்கலாக ஒரு காசும் விழவில்லை. மாகாளிக்கும் அந்த வேலை கடைசிவரை அலுக்கவே இல்லை.