வெற்றுக் கட்டம் வந்த வழி

அந்தக் காலத்தில் எழுத்துகளுக்கு வாய் இருந்தது. இன்று நாம் வாசித்தால்தான் அவை பேசும். அப்போது தாமாகவே பேசும், புறம் சொல்லும், இடத்துக்குச் சண்டை போடும். அந்தக் காலம் என்றதும் யுகங்களுக்கு முந்தியது என்று நினைத்துவிட வேண்டாம். கணினி நம் ஊர்ப்பக்கம் வந்த புதிது, அவ்வளவுதான். கணினிக்குள் ஒரு நாள் போவது நமக்கு ஒரு தலைமுறை போவதற்குச் சமம் என்பதால், அந்தக் காலம் என்று சொன்னால் குற்றமில்லை.

ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. எழுத்துகள் தங்களுக்குள் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். மனிதர் காதில் அது விழாது. மனிதரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் கைகோத்து வரிசையாக நிற்க வேண்டும். அந்த வரிசைக்குச் சரம் என்று பெயர். சரம் சொல்வதுதான் மனிதருக்குச் சேதி. அதற்கு மேல் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை.

கணினிக்குள் ஓர் ஆறு ஓடியது. தென்கரையில் பழையூர், வடகரையில் புதூர். கணினிக்குச் சுழியும் தெரியாது, கொம்பும் தெரியாது. எண் ஒன்றுதான் தெரியும். அதனால் இரண்டு ஊரிலும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கதவு எண் உண்டு. பழையூரில் தெருவுக்குத் தெரு அவரவர் இஷ்டப்படி எண் போட்டுக்கொண்டார்கள். ஒரு தெருவில் அகரம் குடியிருந்த எண்ணில் அடுத்த தெருவில் ணகரம் குடியிருக்கும். இந்தத் தெருவில் அடித்த கல்யாணப் பத்திரிகையை அந்தத் தெருவில் திறந்தால் காக்காய் கிளறிய கோலம்தான் மிஞ்சும். புதூரில் அந்த வம்பே இல்லை. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கோர் எண், கொடுத்தால் கொடுத்ததுதான். அந்த ஊர் மணியக்காரர் இதில் பிடிவாதக்காரர். துறையில் வந்து இறங்கும் சாமானுக்குக்கூட எண் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ஆற்றைக் கடத்திவிட ஒரு தோணித்துறை இருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் ஆளாளுக்கு ஒரு தோணி கட்டிக் கஷ்டப்பட வேண்டாம் என்று எல்லாருமாகச் சேர்ந்து கட்டிவைத்த துறை. நிரலகம் என்பார்கள். அங்கே தோணி ஓட்டியவன் பெயர் மாற்றி. பழைய எண்ணை வாங்கிக்கொண்டு புது எண்ணைக் கொடுத்து அக்கரையில் சேர்ப்பது அவன் தொழில். தோணியின் பின்பக்கம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துதான் துடுப்புப் போடுவான்.

மாற்றிக்கு ஒரு தலைவலி இருந்தது. பழையூரில் எண் இருந்தும் புதூரில் எண் கிடைக்காத சிலர் வரிசையில் கலந்து வந்துவிடுவார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒருவரைக் கண்டால் மாற்றி நடு ஆற்றிலேயே தோணியை நிறுத்திவிடுவான். “இவருக்கு எண் இல்லை. ஒருத்தரும் போக முடியாது” என்பான். மொத்தச் சரமும் திரும்பிப் போகும். ஒருவருக்காக ஊரே திரும்ப வேண்டுமா என்று பயணிகள் அவனை வாயில் போட்டு மென்றார்கள். அதன்பிறகு அவன் வேறு வழி பிடித்தான். எண் இல்லாதவரை ஆற்று நடுவில் இருந்த மணல்திட்டில் இறக்கிவிடுவான். இடது பக்கத்தவர் கையையும் வலது பக்கத்தவர் கையையும் சேர்த்துவிடுவான். அக்கரையில் பார்க்கிறவர்களுக்குச் சரம் முழுசாகத் தெரியும். குறை சொல்ல ஆளில்லை. இல்லாதது எது என்று தெரிந்தால்தானே குறை சொல்ல முடியும்?

“என் தோணியிலே இன்னைக்கு வரைக்கும் ஒரு ஓட்டை விழுந்த சரம் இறங்கினது கிடையாது” என்று மாற்றி மார்தட்டிக்கொள்வான்.

இப்படி இருக்கையில் மனிதர் பக்கத்தில் ஒரு காரியம் நடந்தது. தக்கலையில் பொன்னுமணி ஆசான் என்று ஒரு நாட்டு வைத்தியர். அவருடைய மாமன் மகள் செல்லத்தங்கம் கல்யாணமாகித் திருப்பூரில் இருந்தாள். அவளுக்கும் மருந்து இடிக்க, காய்ச்சத் தெரியும். பிறந்த வீட்டுச் சீதனம் அது. அவள் புருஷன் ராசையன் பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்று நின்று இடுப்பு பிடித்து, புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்தான். ஆசான் போனில் சொல்லியிருக்கலாம். “போன்ல சொன்னா காதுல ஒண்ணு கேக்கும், கையில ஒண்ணு போடுவ. எழுத்துன்னா தப்பாது” என்று தன்னுடைய கணினியில் மருந்துமுறையை அடித்து அனுப்பினார். பழையூர்க் கணினி அது. புதுசு வாங்கச் சொன்னால் கேட்கமாட்டார். ஏனென்றால் அதில்தான் வீசம் இருந்தாள்.

வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. ஏட்டில் அதை எழுத ஒரு தனி அடையாளம் உண்டு. வைத்தியர்களையும் பழைய கணக்கர்களையும் தவிர யாரும் சீண்டாத அடையாளம். பழையூரில் ஏதோ ஒரு தெருக்காரர் மனமிரங்கி அவளுக்குக் கடைசி வீட்டைக் கொடுத்திருந்தார். புதூரில் அவளைக் கேள்விப்பட்டவர்கூட இல்லை.

சரம் தோணியில் ஏறியது. சுக்கு ஏறியது, மிளகு ஏறியது, கடுக்காய் ஏறியது. பிறகு எட்டிக்கொட்டை. அதற்குப் பின் ஓர் இடைவெளி. அவனும் பயணிதான், வாய் திறக்கமாட்டான், ஆனால் அவனுக்கும் எண் உண்டு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு வீசம். வீசத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பகரம். அவனுக்குப் பின்னால் மற்ற எழுத்துகள் நின்று ‘பலம்’ என்ற சொல்லை முடித்தன. பலம் என்பது மருந்து நிறுக்கும் அளவு. எட்டிக்கொட்டை வீசம் பலம். அதாவது பலத்தில் பதினாறில் ஒரு பங்கு. எட்டிக்கொட்டை நஞ்சு என்பது உங்களுக்குத் தெரியும். நஞ்சும் அளவோடு நின்றால் மருந்து.

நடு ஆற்றில் மாற்றி எண்களைச் சரிபார்த்துக்கொண்டு வந்தான். வீசத்தினிடம் வந்ததும் துடுப்பு நின்றது.

“தாயி, உனக்குப் புதூர்ல எண் இல்லையே.”

“தெரியும் அண்ணாச்சி” என்றாள் வீசம். “எங்கேயாவது ஒரு ஓரத்திலே நின்னுக்கிடுதேன்.”

“ஓரமா? எண் இல்லாம துறையிலே காலே வைக்க முடியாது. திட்டிலே இறங்கிக்கோ.”

பகரம் குறுக்கே புகுந்தான். “அண்ணாச்சி, அவளை இறக்கிட்டா நாங்க என்ன சொல்லுவோம் தெரியுமா? எட்டிக்கொட்டை பலம்னு சொல்லுவோம். அளவு போடாம பலம்னு இருந்தா ஒரு முழுப் பலம்னுதான் வைத்தியக்காரங்க எடுத்துக்கிடுவாங்க. அந்த மனுஷன் செத்துப்போவான்!”

“அர்த்தம் பாக்கிறது என் வேலையில்லை தம்பி. எண் பாக்கிறதுதான் என் வேலை.”

“அப்போ தோணியைத் திருப்பும்.”

“திருப்பினா மருந்தே போய்ச் சேராது. அங்கே ஒருத்தன் வலியிலே கிடந்து கத்துதானாமே? ஒவ்வொருத்தருக்கும் திருப்பிக்கிட்டிருந்தா நான் என்னைக்குக் கரை சேர?”

சொன்னவன் சும்மா இருக்கவில்லை. வீசத்தைத் திட்டில் இறக்கிவிட்டான். அவள் அழவில்லை. ஈரமணலில் நின்றபடி பகரத்தைப் பார்த்து, “என் இடத்தை மட்டும் மறந்திராதே” என்றாள். அவளைப் போல இறக்கிவிடப்பட்ட எத்தனையோ பேர் அந்தத் திட்டில் நின்றார்கள். எல்லாரும் தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தோணி நகர்ந்தது. மாற்றி வழக்கம்போல இடைவெளியின் கையை இழுத்துப் பகரத்தின் பக்கம் நீட்டினான். இடைவெளி நல்ல பிள்ளை. சொன்னபடி கையை நீட்டினான். பகரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“கொடுடா கையை.”

“கொடுக்கமாட்டேன்.”

“சரம் அறுந்து நிக்குது, பாரு. கரை வந்திட்டுது.”

“அறுந்தா அறுந்துட்டுன்னு தெரியட்டும். ஒரு ஆளை நடு ஆத்துல விட்டுட்டு, யாருமே குறையலைன்னு சிரிச்சுக்கிட்டு நிக்க என்னால ஆகாது. நீரு வேணும்னா என்னையும் இறக்கிவிடும்.”

மாற்றிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை காலத்தில் எந்த எழுத்தும் அவனை எதிர்த்ததில்லை. கரையில் மணியக்காரர் தடியோடு நிற்கிறார். எண் இல்லாத வெறும் ஓட்டையை அவர் இறங்கவிடமாட்டார். துடுப்பைக் கீழே வைத்தான். தலையைச் சொறிந்தான். திரும்பி மணல்திட்டைப் பார்த்தான். திட்டில் இவ்வளவு கூட்டம் சேர்ந்துவிட்டதை அன்றுதான் அவன் கவனித்தான். ஒவ்வொருவரையும் அவனேதான் இறக்கிவிட்டிருந்தான். ஒருவர் முகமும் அவனுக்கு நினைவில்லை. வெட்கமாக இருந்தது அவனுக்கு.

பிறகு அவன் ஒரு காரியம் செய்தான். தான் உட்கார்ந்திருந்த பெட்டியிலிருந்து எழுந்தான். அதைத் தூக்கிவந்து இடைவெளிக்கும் பகரத்துக்கும் நடுவில் வைத்தான். சுற்றிலும் பலகை, உள்ளே வெறுமை. “இந்தப் பெட்டிக்கு ஒரு எண் உண்டு. மணியக்காரரு எப்பவோ போட்டுக் கொடுத்தாரு. இது இறங்கலாம்” என்றான்.

“பெட்டி வீசம் ஆகுமா?” என்றான் பகரம்.

“ஆகாது. இங்கே ஒருத்தி இருந்தாள்னு சொல்லும். அவ்வளவுதான் என்னால முடியும்.”

பகரம் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். இடைவெளி மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். அப்படியே சரம் கரை இறங்கியது.

திருப்பூரில் செல்லத்தங்கம் தன் புதூர்க் கணினியில் ஒவ்வொரு வரியாக வாசித்து ஒவ்வொரு சரக்காக நிறுத்தாள். எட்டிக்கொட்டையை எடுத்தாள். கையில் பலத்துக்கல் இருந்தது. தராசில் வைக்கப் போனவள் திரையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இது என்னதாக்கும்? நடுவுல ஒரு கட்டம்?”

உள்ளேயிருந்து ராசையன் முனகினான். “கட்டமோ வட்டமோ, இருக்கதைப் போட்டுக் காய்ச்சேன். உயிரு போவுது.”

“செத்த பொறுங்க. என்னமோ விட்டுப்போயிருக்கு.”

அவள் தக்கலைக்குப் போன் போட்டாள். “அத்தான், எட்டிக்கொட்டைக்குப் பொறத்தால ஒரு வெத்துக் கட்டம் கிடக்கு. அங்க என்ன எழுதினிய?”

“கட்டமா? நான் கட்டம் ஒண்ணும் போடலியே. வீசம்லாட்டி போட்டேன்! வீசம் பலம்! ஏட்டி, முழுப் பலம் வச்சிராதே, மாப்பிள்ளை விடியது பாக்கமாட்டாரு!”

செல்லத்தங்கம் பலத்துக்கல்லைக் கீழே வைத்தாள். அடுப்படியில் அப்படியே தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீசத்தைச் சரியாக நிறுத்துப் போட்டாள். ராசையன் குடித்தான். கசக்கிறது என்று வைதான். வைகிற அளவுக்கு அவன் இருந்தானே, அதுவே அவளுக்குப் போதும்.

மருந்து இறங்கியதும் செல்லத்தங்கம் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இது மட்டும் இல்லாமல் சரம் ஒழுங்காக வந்திருந்தால்? வீசம் ஏன் வரவில்லை என்று கேட்டுக் கேட்டு, அவளுக்கு எண் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டாள். புதூரில் எண் வழங்குகிறவர்களுக்கு எழுதினாள். ஆசானையும் எழுதவைத்தாள். கட்டத்தைப் பார்த்து, இங்கே யார் இருந்தது என்று கேட்ட வேறு பலரும் எழுதினார்கள். எண் உடனே வந்துவிடவில்லை. மணியக்காரர் லேசில் மசிகிற ஆளா? ஆனால் ஒருநாள் வந்தது. அன்று மாற்றி தோணியைத் திட்டில் ஒதுக்கி, “ஏறு தாயி” என்றான். வீசம் அக்கரையில் இறங்கி, சரத்தில் தன் இடத்துக்கு நேராகப் போய் நின்றாள். தேட வேண்டியிருக்கவில்லை, பெட்டி அடையாளம் வைத்திருந்தது. அவள் கையைப் பிடித்ததும் பகரத்துக்குப் பேச்சு வரவில்லை. அதன்பிறகு எழுத்துகள் எதுவுமே தாமாகப் பேசியதில்லை என்கிறார்கள். அது வேறு கதை, எனக்குச் சரியாகத் தெரியாது.

ஒரே பெட்டி எப்படி உலகத்துத் திரைகளிலெல்லாம் தெரியும் என்று கேட்பீர்கள். கணினிக்குள் நகல் எடுக்கக் காசா பணமா? திட்டில் இன்னமும் சிலர் நிற்கிறார்கள் என்றும் கேள்வி. ஆகவே எழுத்துக்கு நடுவே கட்டத்தைக் கண்டால் கணினியை வையாதீர்கள். அங்கே இருந்தது யார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

தெரியாத எழுத்து வந்தால் இடத்தை மூடி மறைக்காமல், கணினி அங்கே ஒரு வெற்றுக் கட்டத்தை வைப்பது அன்று முதல்தான். மாற்றி இன்றுவரை நின்றுகொண்டே துடுப்புப் போடுவதும் அன்று முதல்தான்.